காரணம் எழுதும் கட்டம்

செப். 21, ஞாயிறு

காலையில் தூறல். பத்து மணிக்குள் வெயில். புழுக்கம்.

பேட்டரி ஆட்டோ வந்துவிட்டது. சித்தூரிலிருந்து நைனாவே ஓட்டிவந்தார். பச்சையும் வெள்ளையும். யாரோ இரண்டு வருடம் ஓட்டிய வண்டி. பின்சீட்டில் ஒரு கிழிசல், கண்ணாடி ஒன்று ஆடுகிறது. மற்றபடி நன்றாக இருக்கிறது.

புரோக்கர் நைனாவுக்குத் தெரிந்தவர். விஜயதசமி வரை ஓட்டிப் பார்க்கலாம். பிடித்தால் நம் டீசல் ஆட்டோவை அவரிடம் கொடுத்துவிட்டு இதை வைத்துக்கொள்ளலாம். பிடிக்காவிட்டால் இது சித்தூருக்கே.

நைனா வாசலில் நின்று சொன்னது, அப்படியே: "விஜயதசமி அன்னிக்கி திருப்பதி போயி திரும்பி வரட்டும் பாப்பா. நடுவுலே எங்கியும் சார்ஜ் போடக் கூடாது. வந்துடுச்சின்னா டீசல குடுத்துடறேன். இது உனுக்கு."

உனுக்கு. எனக்கு!

போக வர நூறு கி.மீ. சொச்சம். நைனா நிற்கும் நகரி ஸ்டாண்டில் ஆட்டோ என்றால் திருப்பதிக்கு ஸ்பெஷல் வாடகை போய் வரவேண்டும். போகாத வண்டியை அங்கே யாரும் வண்டி என்றே சொல்லமாட்டார்கள்.

இந்த நோட்டு ஒன்பதாம் வகுப்பு நோட்டு. முன்பக்கம் ஏழு தாள் தெலுங்கு. எட்டு வரை தமிழில் படித்துவிட்டு ஒன்பதில் தெலுங்குக்குப் போய், எழுந்து படி என்றதும் வாய் திறக்காமல் நின்ற வகுப்பு. அதோடு நின்றுவிட்டேன். மூன்று வருடம் ஆகிறது. இப்போது பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

ஸ்கேல் வைத்து ஒரு தாளில் கோடு போட்டேன். நாலு கட்டம். தேதி. கிளம்பும்போது சார்ஜ் எவ்வளவு. எத்தனை கி.மீ. ஓடியது. குறைந்தால் காரணம்.

நைனா எட்டிப் பார்த்தார். "உள்ளத உள்ளபடி எழுது. கூட்டியும் எழுதாத, கொறச்சும் எழுதாத."

செப். 22, திங்கள்

வெயில். அம்மாவுக்கு முட்டிவலி.

நான் ஓட்டினேன். எல்.எல்.ஆர். ஜூலையிலேயே வந்துவிட்டது. பதினெட்டு முடிந்த வாரமே நைனா அழைத்துப்போய் எடுத்துக் கொடுத்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஊரிலிருந்து மெயின் ரோடு வரை. கிளட்ச் இல்லை, கியர் இல்லை. கைப்பிடியைத் திருகினால் நகர்கிறது.

சத்தமே இல்லை. டீசல் வண்டியில் நைனா ஏதாவது சொன்னால் 'ஆ? ஆ?' என்று கேட்கவேண்டும். இதில் அவர் சட்டைப் பையில் சாவி உரசுவதுகூடக் கேட்கிறது.

ஆடு நகரவில்லை. குழாயடியில் குடத்தோடு நின்ற பெரியம்மா கடைசி நிமிடத்தில்தான் பார்த்தாள். "யேய், பூனை மாதிரி வந்து பின்னால நிக்கிற! ஆரன் அடிச்சா கை ஒடிஞ்சிடுமா?" நியாயம்தான். இனி வளைவில் எல்லாம் ஹாரன்.

ஒன்று தெரிந்துகொண்டேன். பின்னால் உட்கார்ந்தவர்களிடம் என்னால் பேச முடிகிறது. அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காவும் ஏறினார்கள். முகம் பார்க்க வேண்டாம். ரோட்டைப் பார்த்துக்கொண்டே பதில். மூன்று வருடத்தில் இவ்வளவு பேசியதில்லை என்று அக்கா சொன்னாள்.

செப். 23, செவ்வாய்

கிளம்பும்போது சார்ஜ் 58 சதவீதம்.

முந்தின நாள் ஏழு மணிக்கே வயரைச் செருகி ஸ்விட்ச் போட்டேன். ஸ்விட்ச் வாசல் சுவரில், தகரக் கூரைக்கு அடியில். நைனாவின் கட்டில் அங்கேதான். காலையில் ஸ்விட்ச் ஆனில்தான் இருக்கிறது. ஆனால் 58.

"ராத்திரி கரண்ட்டு பூட்டிருக்கும்" என்றார் நைனா. நான் தூங்கிவிட்டேன், தெரியாது.

காரணம்: கரண்ட் கட்.

நகரி ஸ்டாண்டுக்குப் போனோம். ஸ்டாண்டுக்கு லீடர் முனிரத்தினம் மாமா. உறவு இல்லை, எல்லோரும் மாமா என்பதால் நானும். பாதித் தெலுங்கு, பாதித் தமிழ். வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்து டயரைக் காலால் தட்டினார்.

"ஏமி அம்மாயி, சாவி குடுத்தா ஓடுமா, இல்ல பின்னால தள்ளணுமா?"

எல்லோரும் சிரிப்பு. எனக்குக் காது சூடாகிவிட்டது. நைனாவும் சிரித்தார்.

"பத்து பேர் ஏத்துவியா இதுல?" என்று இன்னொருவர். ஏற்ற முடியாது. ஆறு பேர்தான். அதையும் எழுதிவைக்கிறேன், உள்ளதை உள்ளபடி:

முடியாதது: பத்துப் பேர். சந்தை நாளில் மூட்டையும் ஆளும் சேர்த்து. அவசரத்துக்கு ஐந்து நிமிடத்தில் டேங்க் நிரப்புவது. (நாலு மணி நேரம் ஆகிறது.) மேம்பாலத்தில் முழு பாரத்தோடு வேகம்.

முடிவது: மற்றதெல்லாம். புகை இல்லை. இடுப்பு அதிரவில்லை. நைனாவுக்கு இரவில் கை மரத்துப்போகிறதே, அது இருக்காது.

செப். 25, வியாழன்

மழை. தகரத்தில் ஒழுகல். பாத்திரம் வைத்தேன்.

கிளம்பும்போது 63.

காரணம்: வோல்டேஜ் இல்லை. (நைனா சொன்னது.)

ஸ்டாண்டிலிருந்து புத்தூர் இரண்டு தடவை போய்வந்ததும் 4-க்கு வந்துவிட்டது. வீட்டுக்கு வருவதற்குள் ஆமை மாதிரி நகர்ந்தது. ஏரிக்கரையில் இறங்கித் தள்ளினோம். எதிரில் வந்த டீசல் ஆட்டோக்காரர் நிறுத்தாமலே, "சொன்னமா இல்லையா?" என்று கத்திக்கொண்டு போனார்.

நான் வண்டியைத் திட்டினேன். சத்தமாகவே. நைனா பக்கத்தில் தள்ளிக்கொண்டு வந்தார்.

செப். 26, வெள்ளி

வானம் வெளுத்துவிட்டது.

ஒரு யோசனை. எங்கள் வீடு ஆந்திரா, கிணறு தமிழ்நாடு. எல்லை பிரித்தபோது கோடு எங்கள் கொல்லைக்குப் பின்னால் போயிற்று. வீட்டுக்கு ஒரு கவர்ன்மெண்ட் கரண்ட், கிணற்று மோட்டாருக்கு வேறு கவர்ன்மெண்ட் கரண்ட். இங்கே போனால் அங்கே இருக்கும். சின்ன வயதில் இருட்டில் மோட்டார் கொட்டகை விளக்கு மட்டும் எரிவதைப் பார்த்து அழுவேனாம்.

வண்டியை வரப்புப் பாதையில் மெதுவாக ஓட்டிப்போய் கொட்டகையில் சார்ஜ் போட்டேன். காலை ஏழிலிருந்து பன்னிரண்டு வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வேர்க்கடலை துன்னுக்கினு. (அம்மா பேசுகிற மாதிரி எழுதிவிட்டேன். இருக்கட்டும்.)

100!

முதல் தடவை நூறு பார்க்கிறேன். மதியத்துக்கு மேல் 74 கி.மீ. வந்து நிற்கும்போது மிச்சம் 31. ஆக, வண்டி மேல் தப்பு இல்லை. நூறு இருந்தால் திருப்பதி போய் வந்துவிடும், இழுத்துப் பிடித்து.

முனிரத்தினம் மாமா: "பாகுந்தி, நல்லா இருக்குது! தமிழ்நாட்டுக் கரண்ட்டுல ஓடுது, ஆந்திரா கரண்ட்டுல ஓட மாட்டேங்குது. வண்டிக்கும் பாஷை பிரச்சனையா?" இன்றைக்கு எனக்கே சிரிப்பு வந்தது.

நைனாவுக்கு வரவில்லை. "அது பயிருக்குக் குடுத்த கரண்ட்டு. லைன்மேன் பாத்தா கனெக்‌ஷன் பூடும். இனிமே அங்க போடாத" என்றார். அதுவும் சரிதான். இனி வீட்டில்தான்.

செப். 28, ஞாயிறு

சாயங்காலம் மீட்டர் பார்த்து எழுதிவைத்தேன். காலையில் மறுபடி பார்த்தேன். வண்டிக்கு மட்டுமே ஏழு எட்டு யூனிட் ஏறவேண்டும். மொத்தமே நாலுதான் ஏறியிருக்கிறது.

சார்ஜ் 55.

நைனாவிடம் காட்டினேன். "மீட்டர் பழசு பாப்பா. அது ஓடுனா ஓடும், நின்னா நிக்கும்."

காரணம்: மீட்டர் பழசு. எழுதிவிட்டுத் திரும்பப் படித்தால் அர்த்தமாகவில்லை. மீட்டர் பழசு என்றால் வண்டியில் ஏன் குறைகிறது?

பக்கத்து வீட்டு அக்கா கோலப்பொடி கேட்டு வந்தாள். ராத்திரி கரண்ட் போச்சா என்று கேட்டேன். "இல்லியே, எங்க வீட்டு பாப்பாக்கு ஒடம்பு சரியில்ல, நான் முழிச்சிக்கினுதானே இருந்தேன். ஃபேன் நிக்கவேல்ல."

எங்கள் வீட்டு லைனில் மட்டும் ஏதோ கோளாறு. கரண்ட் ஆபீஸில் எழுதிக் கொடுக்கவேண்டும். தெலுங்கில் எழுதவேண்டும். நைனா போகிறேன் என்றார்.

செப். 30, செவ்வாய்

வீடு முழுக்கத் துடைத்தேன். நாளை ஆயுதபூசை. பட்டியல்: சந்தனம், குங்குமம், பொரி, பூசணி ஒன்று, எலுமிச்சை எட்டு (இரண்டு வண்டிக்கு ஆறு சக்கரம், சாமிக்கு இரண்டு), வாழைக்கன்று, கலர் பேப்பர்.

சுவர் ஸ்விட்ச்போர்டையும் சோப்புத் துணியால் துடைத்தேன். ஒரே கறுப்புப் பிசுக்கு. இப்போது பளிச்.

நைனா கரண்ட் ஆபீஸ் போகவில்லை. தையல் கடைக்குப் போயிருக்கிறார். பொட்டலத்தைப் பிரித்தால் காக்கிச் சட்டை. என் அளவுக்கு. பையில் பட்டன் வைத்து.

அம்மா: "பொட்டப் புள்ளைக்கு காக்கியா? நாளிக்கி பொண்ணு பாக்க வர்றவன் சல்யூட் அடிக்கப் போறான்."

நைனா: "அடிக்கட்டுமே."

சுடிதார் மேல் போட்டுப் பார்த்தேன். கண்ணாடி முன் ரொம்ப நேரம் நின்றேன். யாரிடமும் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன்: அழுகை வந்தது. நல்ல அழுகை.

அக். 1, புதன். ஆயுதபூசை

நல்ல வெயில்.

இரண்டு ஆட்டோவும் கழுவி, வாழைக்கன்று கட்டி, பக்கத்தில் பக்கத்தில். எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் நான்தான் வைத்தேன். டீசல் வண்டிக் கைப்பிடி, ஸ்பானர் ஒன்பது, அம்மாவின் கிரைண்டர், அரிவாள்மனை, மோட்டார் கொட்டகை, டி.வி. பேட்டரி வண்டிக்கு மூன்று பொட்டு. சாயங்காலம் ஆறுக்கு வயரைச் செருகி ஸ்விட்ச் போட்டு, ஸ்விட்ச் மேலேயும் ஒரு பொட்டு. அதுவும் ஆயுதம்தானே.

நைனா கற்பூரம் காட்டினார். ஒவ்வொரு வருடமும் சொல்வதைச் சொன்னார். "பூசை போட்ட சாமான காலீல கற்பூரம் காட்டற வரிக்கும் யாரும் தொடக் கூடாது. தொட்டா வருசம் பூரா அது நம்ம பேச்சக் கேக்காது."

நாளை திருப்பதி. எல்.எல்.ஆரில் காசுக்கு ஆள் ஏற்றக்கூடாது. அதனால் ஆறு நெல் மூட்டை, ஆறு பேர் எடைக்கு. ஸ்டாண்டிலேயே முடிவு செய்தது.

சட்டையை அயர்ன் பண்ணி வைத்துவிட்டேன்.

அக். 2, வியாழன். விஜயதசமி

எழுதக் கை வரவில்லை. வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலை ஐந்தரை. வாசலுக்கு வந்தேன். 61.

ஸ்விட்ச் ஆனில் இருந்தது. பொட்டு இல்லை. மேலிருந்து கீழே இழுத்த மாதிரிக் குங்குமம் தேய்ந்து, அதன் மேல் கட்டைவிரல் ரேகை. கறுப்பு. டீசல் பிசுக்குக் கறுப்பு. முந்தாநாள்தான் சோப்புப் போட்டுத் துடைத்தேன்.

இந்த வீட்டில் டீசல் கை ஒன்றுதான்.

நைனா இட்லி தின்றுகொண்டிருந்தார். வலது கட்டைவிரல் நக இடுக்கில் சிவப்பு. கழுவியும் போகவில்லை. "இன்னா பாப்பா, எவ்ளோ காட்டுது?" என்றார்.

61 என்றேன்.

"ச்சே. ராத்திரி மறுபடி கரண்ட்டு பூட்டுச்சி போல."

நைனா கற்பூரம் காட்டினார். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சை வைத்தார். காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு ஏறினேன். அவரே உடைத்துக் கொடுத்த தேங்காய்த் துண்டைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

ஸ்டாண்டில் எல்லோரும். முனிரத்தினம் மாமா மூட்டைகளை எண்ணி, "டிக்கெட் எடுத்துட்டாங்களா அம்மாயி எல்லாரும்?" என்றார்.

புத்தூர் வரை பேசவில்லை. டீசல் வண்டியாக இருந்தால் சத்தத்தில் பேசாததும் தெரியாது. இதில் அவர் எச்சில் விழுங்குவது கேட்கிறது. புத்தூர் தாண்டியதும் "மோடம் போடுது" என்றார். வானத்தில் மேகமே இல்லை. வடமாலைப்பேட்டையில் "திரும்பிடலாமா பாப்பா? போதும்" என்றார். ரோட்டைப் பார்த்துக்கொண்டே "போலாம்" என்றேன்.

திருப்பதி, அலிபிரி போகிற ரோட்டில் நிறுத்தும்போது 14. கூட்டம். மொட்டைத் தலைகள். இளநீர்க்காரரிடம் நைனா தெலுங்கில் கேட்டு, பின்னால் இருந்த லாட்ஜில் வயர் போட இடம் வாங்கினார். காசு எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை.

நான் வண்டியை விட்டு இறங்கவில்லை. முன்னால் பார்த்தபடியே சொன்னேன். "நைனா, உன் வெரல்ல குங்குமம்."

அவர் பார்த்தார். பேண்ட்டில் துடைத்தார். மறுபடி பார்த்தார்.

பிறகு: "ஸ்டாண்டுல எனுக்கு ஏழாம் நம்பரு பாப்பா."

எனக்குத் தெரியும். ஸ்டாண்டில் நம்பர்ப்படிதான் வரிசை. பதினெட்டு வருடமாக ஏழு.

"டீசல வித்தா நம்பரு போச்சின்னு சொல்லிட்டாங்க. பேட்டரி வண்டி வந்தா ஆளுக்கு கொறச்சி வாங்குவான், நம்ம பொழப்பு இன்னா ஆவறதுன்னு எல்லாரும் ஒண்ணா நின்னுக்கினாங்க. நீ வண்டி எடுத்துக்கினு வர்றதுக்கு முன்னியே. அவங்களையும் வேணான்னு சொல்ல முடில. உன் மூஞ்சியப் பாத்தும் வேணான்னு சொல்ல முடில."

"அதான் ஸ்விட்ச்ச ஆஃப் பண்ணியா?"

"வண்டியே முடியாதுன்னு சொல்லிட்டா உனுக்கு மனசு கஷ்டமாவாதுன்னு நெனச்சேன்."

வண்டி மேல் பழி போட்டுவிட்டால் நான் அவரை ஒன்றும் நினைக்கமாட்டேன். அவ்வளவுதான். ஏரிக்கரையில் வண்டியை நான் திட்டியபோது பக்கத்தில் தள்ளிக்கொண்டு வந்தாரே, அப்போது என்ன நினைத்திருப்பார்? அந்தச் சட்டை? தைக்கக் கொடுக்கும்போதே தெரியும்தானே, இதைப் போட்டுக்கொண்டு ஓட்டப்போவதில்லை என்று.

கேட்கவில்லை. பதில் வந்தால் தாங்காது.

நாலு மணி நேரம் அங்கேயே. இளநீர் வாங்கிவந்தார். குடிக்கவில்லை. அவரும் குடிக்கவில்லை. வண்டி மேல் வைத்தபடியே சூடாகிப்போனது.

100 ஆனதும் கிளம்பினோம். அதே மூட்டை, அதே ரோடு. ஸ்டாண்டில் வந்து நிற்கும்போது 51.

போகும்போது 47. வரும்போது 49. கூட்டினால் 96. காலையில் நூறு இருந்திருந்தால் எங்கும் நிறுத்தாமல் வந்திருப்போம். நாலு மிச்சம் இருந்திருக்கும்.

புத்தூரிலிருந்து இதைத்தான் மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். ஸ்டாண்டில் சொல்லிவிடவேண்டும், ஒரே ஒரு வாக்கியம், ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிடலாம் என்று. நைனாவும் சொல்லமாட்டார் என்று நினைக்கவில்லை. என்னிடம் சொல்லிவிட்டாரே. பாதியாவது சொல்வார் என்று நினைத்தேன். ராத்திரி சார்ஜ் சரியாக ஏறவில்லை, வண்டி மேல் தப்பு இல்லை, அந்த அளவுக்காவது.

முனிரத்தினம் மாமா கைப்பிடிமேல் கை வைத்தார். "சார்ஜ் போட்டியா இல்லியா, அத சொல்லு அம்மாயி."

எல்லா முகமும் என்னை நோக்கி. முன்னால். ஒன்பதாம் வகுப்பு மாதிரி. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

நைனா சொன்னார். "போட்டோம்பா. திருப்பதிலியே பூட்டுச்சி. இதுக்கு அவ்ளோதான் தம்மு."

சிரிப்பு. யாரோ வண்டி முதுகில் தட்டினார்கள். "ஏழு, வா, டீ குடிப்போம்" என்று முனிரத்தினம் மாமா நைனா தோளில் கை போட்டுக் கூட்டிப்போனார்.

நைனா திரும்பிப் பார்க்கவில்லை.

அக். 3, வெள்ளி

மேகமூட்டம். மழை இல்லை.

ஒன்பது மணிக்கு சித்தூரிலிருந்து புரோக்கரின் ஆள் வந்தான். வாழைக்கன்றைக்கூடக் கழற்றாமல் ஓட்டிப்போனான். தெருமுனை திரும்பும்வரை சத்தமே இல்லாததால், போய்விட்டதா நிற்கிறதா என்று உள்ளே இருந்து தெரியவில்லை. வெளியே வந்து பார்த்தேன். போய்விட்டது.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் நைனாவோடு சண்டை போடுவாள், பிறகு நம்பர் போனால் சோறு ஏது என்று அவளே சமாதானமும் சொல்வாள். இரண்டும் வேண்டாம்.

இந்த வண்டிகள் டீசலை ஜெயிக்குமா என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது. பத்துப் பேரை ஏற்றாது. ஐந்து நிமிடத்தில் நிரம்பாது. தோற்றால்கூடத் தோற்கட்டும். வண்டியே தோற்கவேண்டும்.

"ஸ்விட்ச்ச தொடைடி, குங்குமம் அப்பிக்கினு கெடக்குது" என்றாள் அம்மா. துடைக்கவில்லை.

காக்கிச் சட்டையை மடித்து நைனாவின் கட்டில்மேல் வைத்தேன். மதியம் வந்து பார்த்தார். எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். நான் நோட்டோடு இருந்தேன்.

"அதெல்லாம் இனிமே எழுத வேணாம் பாப்பா. அதான் வண்டி பூட்டுச்சே."

தினமும் அவர்தான் கேட்பார், எழுதிக்கினியா என்று.

அவர் டீசலை எடுத்துக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போனபிறகு கட்டம் போட்ட தாளை எடுத்தேன். பழையதை ஒவ்வொன்றாக அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதினேன்.

செப். 23. சார்ஜ் 58. காரணம்: ~~கரண்ட் கட்~~ நைனா.

செப். 25. சார்ஜ் 63. காரணம்: ~~வோல்டேஜ் இல்லை~~ நைனா.

செப். 28. சார்ஜ் 55. காரணம்: ~~மீட்டர் பழசு~~ நைனா.

அக். 2. சார்ஜ் 61. காரணம்: நைனா.

அக். 2, ஸ்டாண்டில். மிச்சம் 51. வண்டி தோற்றதாக முடிவு. காரணம்: நைனா. நானும் வாய் திறக்கவில்லை.